திடீர்க் கச்சேரி – 11: எஸ்கலேட்டர் அடியில்

சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு வசதி உண்டு. சமாதானமாகப் போகலாம் என்று தோன்றினால், பேச்சை ஆரம்பிக்க அந்தச் சண்டையாவது மிச்சம் இருக்கும். நம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

இந்தக் கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். இவர் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். நன்றாகப் பாடுவாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வர முடியவில்லை, மூன்று மாசத்துக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு ரூம் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு பெட்டியோடு கிளம்பினாள். மூன்று மாசம் ஆறு மாசமானது. அலமாரியில் இருந்த புடவைகள் ஒவ்வொன்றாக இடம் மாறின. பிரிந்துவிட்டோம் என்று அவளும் சொல்லவில்லை, ஏன் திரும்பி வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

ஒரே மகள். இருபத்தைந்து வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் ‘வாண்டு’தான். கண்காட்சிகளுக்கு ஸ்டால் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. எதையும் சட்டென்று விரித்து, சட்டென்று சுருட்டிக்கொண்டு கிளம்பும் வித்தை அவளுக்கு அங்கே வந்தது. அந்த வித்தையை வைத்துத்தான் ‘திடீர்க் கச்சேரி’ ஆரம்பித்தாள். ரயில் நிலையம், கடைவளாகம், ஆஸ்பத்திரி முன்கூடம் என்று வாரம் ஒரு பொது இடம். எந்த இடம் என்று கடைசி ஒரு மணி நேரம் வரை வெளியே மூச்சு விடமாட்டாள். பிறகு எல்லார் போனுக்கும் ஒரு செய்தி போகும். சபாவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வராதவர்கள், வேறு எங்கோ போகிற வழியில் நின்று சங்கீதம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

பாட்டு, அம்மா. வயலின், ஒரு மருந்துக்கடைக்காரர். மிருதங்கம் வாசித்த இளைஞர் பைக்கிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, பரணில் கிடந்த மிருதங்கத்தையும் டிவி முன்னால் கிடந்த அப்பாவையும் ஒன்றாகத் தூசி தட்டிக் கிளப்பினாள் வாண்டு. அதிலிருந்து வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், கை எட்டும் தூரத்தில் மனைவி. மற்ற நாட்களை எல்லாம் அந்த அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டே ஓட்டினார் மனுஷர். இது மகளுக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும். மனைவிக்குத் தெரியுமா என்பதுதான் இத்தனை வாரமாக நமக்கும் பிடிபடவில்லை.

அன்று காலை அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, மகள் எதிரில் வந்து உட்கார்ந்து விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அம்மாவின் ஆஸ்பத்திரி வெளியூரில் புதிதாக ஒரு கிளை திறக்கிறது. ராத்திரி ரயில் ஏறினால் விடிந்துதான் போய்ச் சேரும் ஊர். நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். இன்று சாயங்காலம் ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மாவிடம் நேரில் போய்ப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். எழுந்து போய், சமையலறைக் குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தார். சொட்டவில்லை. போன வாரம்தான் வாஷர் மாற்றியிருந்தார். மனசு சரியில்லாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது அவர் வழக்கம். இந்த ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் கிறீச்சிடுகிற கதவு ஒன்றுகூடக் கிடையாது.

“நல்ல சம்பளமா இருக்கும்” என்றார்.

“அப்பா.”

“இல்லம்மா, கேட்டேன்.”

மகள் அவர் கையைப் பிடித்து மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தாள். இன்று சாயங்காலம் அம்மா பக்கத்தில்தான் உட்காரப் போகிறீர்கள், மனசில் இருப்பதைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். உங்க அம்மா ஒரு முடிவுக்கு வந்த பிறகு நான் என்ன சொல்வது, நான் சொல்லியா அவள் கேட்கப் போகிறாள் என்று மென்று விழுங்கினார்.

“போகாதேன்னு சொல்லுங்க. இல்ல, நல்லபடியா போய்ட்டு வான்னு சொல்லுங்க. ஏதோ ஒண்ணு சொல்லுங்கப்பா. நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்துதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு.”

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ரொட்டி ஆறிப்போனது. அதைச் சாப்பிட்டாரா என்று கேட்காதீர்கள்.

பேச வராத ஆள் என்று அவரைப் பற்றி நினைத்துவிட வேண்டாம். அன்று மதியம் நடந்ததைக் கேளுங்கள்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண், தனியாக. இவர் போய்ச் சேர்வதற்குள் அவள் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து அழ ஆரம்பித்திருந்தாள். கட்டட மேனேஜர் வெளியிலிருந்து ‘பயப்படாதீங்க’ என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் குரலைக் கேட்டால் பயப்படாதவர்களுக்கும் பயம் வரும்.

நம்மவர் இன்டர்காமை எடுத்தார். “அம்மா, நான் மெக்கானிக் பேசறேன். லிஃப்ட் கீழ விழாது, காத்து உள்ள வந்துட்டே இருக்கும். கதவை மட்டும் தொடாதீங்க. கீழ உக்காந்துக்குங்க. நான் மேல மெஷின் ரூமுக்குப் போறேன், போற வழியெல்லாம் உங்ககூடப் பேசிட்டேதான் இருப்பேன்.”

சொன்னபடியே, மெஷின் ரூமில் இருக்கும் பேசும் கருவியை எடுத்துவைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். என்ன வேலை, எந்தப் பக்கம் வீடு, குழந்தைக்கு எத்தனை வயசு, இன்று மதியம் என்ன சாப்பாடு, அதில் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டுக்கொண்டே பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியைத் தளத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். கதவைத் திறந்தபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க பேசிட்டே இருந்ததுல பயமே தெரியலங்க” என்றாள். “உங்க வீட்ல இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க.”

அவர் சிரித்து வைத்தார். பிறகு சரிபார்ப்பதற்காகக் காலி லிஃப்டில் தனியாக மேலும் கீழும் போய்வந்தபோது, சாயங்காலம் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். ‘வீடு சும்மாத்தான் கிடக்கு’ என்று ஒரு தடவை. அது வீட்டுத் தரகர் பேச்சாக இருந்தது. ‘நீ போறது எனக்குச் சரியாப் படல’ என்று ஒரு தடவை. அது மாமனார் பேச்சு. கடைசியில், “வீட்டுக்கு வந்துடேன்” என்று அவர் கொஞ்சம் கெஞ்சலாகச் சொன்ன நேரம் பார்த்துக் கதவு திறந்துகொண்டது. எதிரில் டை கட்டிய ஒருவர் நின்றிருந்தார்.

“டெஸ்டிங்” என்றார் நம்மவர்.

அன்றைய இடம், இரண்டு மெட்ரோ பாதைகள் ஒன்றை ஒன்று தாண்டும் நிலையத்தின் நடுக்கூடம். தெருவுக்கு ஏற ஒன்றும் இறங்க ஒன்றுமாக இருந்த எஸ்கலேட்டர்களுக்கு அடியில் தூண்களுக்கு நடுவே ஒரு சின்ன இடத்தை வாண்டு கண்டுபிடித்து வைத்திருந்தாள். நிலைய அதிகாரி அரை மணி நேரம் கொடுத்திருந்தார். எஸ்கலேட்டர் காலடியில் கூட்டம் தேங்கக் கூடாது, ஆறரைக்கு இடம் காலியாக வேண்டும். இதைக் கவனிக்க ஒரு காவலரையும் நிறுத்தியிருந்தார். காவலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கச்சேரி என்றால் கலவரம் என்று யாரோ சொல்லி அனுப்பியதுபோல நின்றார்.

வாண்டு கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினாள். தட்டியது திரும்பி வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மடக்கி வைத்திருந்த அட்டைகளை அப்பா உட்காரும் இடத்துக்குப் பின்னால் தூணோடு சேர்த்துச் சாய்த்தாள். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் சுவரில் மோதி இரண்டாகத் திரும்பினால் பாடுகிறவள் பாடு திண்டாட்டம்தான். மருந்துக்கடைக்காரர் கடை கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, ஒரு மூலையில் வில்லுக்கு ரோஜனப் பிசின் தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

நம்மவர் மிருதங்கத்தை மடியில் கிடத்தி, இடது பக்கத்துத் தோலில் ரவைப் பசையை அப்பிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். தோளில் பை. முகத்தில் புதிதாக ஒரு கண்ணாடி.

கண்ணாடி அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குக் கண் மங்கியதும், அவள் டாக்டரிடம் போனதும், கடையில் நின்று ஒவ்வொரு சட்டமாகப் போட்டுப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்ததும் இவருக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. இது நன்றாக இருக்கிறதா என்று அவள் யாரிடம் கேட்டிருப்பாள்? கடைக்காரனிடம் கேட்டிருப்பாளோ? இந்தக் கேள்வி அவரைப் படுத்தியதுபோல அந்த வெளியூர் வேலைகூடப் படுத்தவில்லை.

“மிருதங்கத்துக்கு இடம் போதுமா வாண்டு?” என்று மகளிடம் கேட்டாள். குழுவில் அவரை அவள் மிருதங்கம் என்றுதான் குறிப்பிடுவாள். ஒன்றரை வருஷத்தில் புருஷன் போய் வாத்தியம் ஆகிவிட்டார்.

“கண்ணாடி” என்றார் அவர்.

“ஆமா. எழுத்தெல்லாம் ஆடுது.”

“எப்போ இருந்து?”

“கொஞ்ச நாளா.”

அவ்வளவுதான். அவள் விரிப்பில் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டும், டாக்டரம்மா காத்துக்கொண்டிருப்பார், யாரும் தன்னைப் பிடித்து நிறுத்தி வைக்கக் கூடாது என்று பொதுவாகச் சொன்னாள். பொதுவாகச் சொன்னாலும் பார்வை இவர் பக்கம் ஒருமுறை வந்துபோனது.

ஆக, முடிந்த பிறகு நேரம் இல்லை. இப்போதே சொன்னால்தான் உண்டு. அவர் தொண்டையைச் செருமினார். மதியம் லிஃப்டில் சொல்லிப் பார்த்தது தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வாண்டு தன் போனில் தம்புரா ஒலியைப் போட்டாள்.

“சுருதி சேத்துக்கறீங்களா?” என்றாள் மனைவி.

அவர் கல்லையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு சுருதி சேர்த்தார். மனசில் இருந்ததை வைக்க வேறு இடம் இல்லாமல், அன்றைக்குச் சுருதி வழக்கத்தைவிடச் சுத்தமாகச் சேர்ந்தது.

முதலில் ஒரு சின்னப் பாட்டு. எஸ்கலேட்டரிலிருந்து இறங்கியவர்கள் இங்கே என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேர் நின்றார்கள். முதுகில் கணினிப் பையோடு ஒருவர் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு பெண் கையிலிருந்த மல்லித்தழைக் கட்டும் தானுமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரயில் வந்துபோகும் ஓசை அவ்வப்போது தரைக்கு அடியில் உருண்டது. அது வரும்போது அவள் குரலை ஏற்றாமல், ஒரே ஸ்வரத்தில் நின்று அதைப் போகவிட்டுப் பிறகு தொடர்ந்தாள். இந்தச் சாமர்த்தியம் சபாவில் பாடுகிறவர்களுக்கு வராது.

இரண்டாவதுதான் அன்றைய பெரிய பாட்டு. ஆதி தாளம். விளக்கை அணைக்காமல், கதவைத் தாழ் போடாமல் ஒருத்தி காத்திருக்கிற பாட்டு. ‘இன்னும் வரவில்லையே’ என்ற ஒரே வரியை அவள் ஒவ்வொரு தடவையும் வேறுவிதமாகக் கேட்டாள். ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை விளையாட்டாக, ஒரு தடவை தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல. நம்மவர் அடக்கி வாசித்தார். இத்தனை வருஷம் இந்தக் குரல் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும், குக்கர் சத்தத்துக்கு நடுவிலும் வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்ட நினைவு அவருக்கு இல்லை. அது வீட்டுச் சத்தங்களில் ஒன்று என்று இருந்துவிட்டார். இப்போது ஏங்கினார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஏங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாட்டின் நடுவில் தனி வந்தது.

கச்சேரி வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தனி என்றால் பாட்டும் வயலினும் ஒதுங்கிக்கொள்ள, மிருதங்கம் மட்டும் வாசிக்கிற நேரம். அப்போது பாடுகிறவர் சும்மா இருக்க முடியாது. தொடையில் கையால் தட்டி, விரல் எண்ணி, தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாசிக்கிறவர் கடைசியில் கோர்வை என்று ஒன்றை மூன்று முறை அடுக்கிக்கொண்டு வந்து நிறுத்துவார். அந்த இடத்தில் பாட்டு மறுபடி ஆரம்பிக்கும். அவர் கோர்வை வைக்கிற வரை பாடகி எழுந்திருக்கவும் முடியாது, தாளத்தை விடவும் முடியாது.

திடீர்க் கச்சேரியில் தனிக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் கிடையாது. வாண்டுவின் சட்டம் அது. ஐந்து நிமிஷம் ஆனதும் அவர் கோர்வைக்கு வந்தார். மருந்துக்கடைக்காரர் வில்லை உயர்த்தினார். அவள் தொண்டையைத் தயார் செய்துகொண்டாள். முதல் அடுக்கு ஆயிற்று, இரண்டாவது அடுக்கும் ஆயிற்று. மூன்றாவதில் அவர் கை சட்டென்று வேறு பக்கம் திரும்பி, புதிதாக ஒரு நடைக்குள் புகுந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர் வில்லை இறக்கினார். அவளும் ஏதோ கற்பனை வந்துவிட்டது போலிருக்கிறது என்று தாளத்தைத் தொடர்ந்தாள்.

கற்பனையும் இல்லை ஒன்றும் இல்லை. கோர்வை முடிந்தால் பாட்டு முடியும். பாட்டு முடிந்தால் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். மூன்றாவது அடுக்கை வைக்க அவருக்குக் கை வரவில்லை. உண்மை அவ்வளவுதான்.

மறுபடி கோர்வைக்கு வருவதுபோல வந்தார், மறுபடி நழுவினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆஹா என்றார்கள். வாண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்று விரல்களைக் கத்தரிக்கோல்போல வெட்டிக் காட்டினாள். காவலர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அலுவலகம் விட்ட கூட்டம் எஸ்கலேட்டரில் இறங்க ஆரம்பித்திருந்தது.

அவளுக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. தாளம் போட்ட கையை நிறுத்தாமல் அவர் பக்கம் சாய்ந்தாள்.

“என்ன பண்றீங்க? நேரமாச்சு.”

“தெரியும்.”

“முடிங்க.”

“முடிச்சா நீ போயிடுவே” என்றார் அவர்.

கை இரண்டும் வேலையில் இருந்ததால்தான் வாய் அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் ஜென்மத்துக்கும் அந்த வார்த்தை வந்திருக்காது. அவள் புதுக் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று தாளம் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு வித்துவான்களும் தாளக் கணக்கைப் பற்றி ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

“வீட்டுக்கு வந்துடேன்” என்றார்.

சொல்லிவிட்டார். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

“வந்து?” என்றாள் அவள்.

இதற்கு அவர் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. வீட்டுக்கு வா என்பது வரைதான் அவர் யோசனை போயிருந்தது. வந்த பிறகு என்ன என்று அவர் யோசிக்கவே இல்லை.

“வந்து என்ன பண்ணட்டும்? நீங்க டியூட்டி முடிஞ்சு வந்து டிவி முன்னால உக்காருவீங்க. நான் அடுப்படில நிப்பேன். இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். என் பாட்டுக்கு நீங்க கை வெச்சது இந்த ரெண்டு மாசமாத்தான். அதுவும் போற வர்றவங்க பாதைல உக்காந்து.” குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் அடுத்த நோயாளியின் முறை எப்போது என்று சொல்கிற அதே நிதானம். “இங்க பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரி அங்க ஒரு நாள் உக்காந்திருந்தோமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் யோசித்தார். வாசித்துக்கொண்டே யோசிக்கக் கூடாத விஷயம் அது. இடது கை ஓர் அடி பிந்தியது, வலது கை அதைப் பிடிக்கப் போய்த் தானும் தடுமாறியது. தாளம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு விட்டுப்போயிற்று. இருபது வயதில்கூட அவருக்கு இப்படி நடந்ததில்லை.

அவள் தொடையில் ஓங்கித் தட்டினாள். மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது. இதோ இங்கே இருக்கிறது முதல் அடி, பிடித்துக்கொள் என்று சொல்கிற தட்டு. அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். கணினிப் பைக்காரர், இதுவும் கணக்கில் சேர்த்தி என்று நினைத்துப் பலமாகத் தலையாட்டினார்.

காவலர் வாண்டுவிடம் வந்து ஏதோ சொன்னார். வாண்டு அவரிடம் கும்பிடாத குறையாக இன்னும் ஒரே நிமிஷம் என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு அந்த வீடு வேண்டாம் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் இல்லாத குறையை வீட்டின் குறையாக நினைத்துக் குழாயையும் கதவையும் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார்.

“அப்போ நான் வரட்டா?”

“எங்க?”

“நீ போற ஊருக்கு. அங்கயும் மாடி வீடு இருக்கும்ல. லிஃப்ட் இருக்கும்.”

தாளத்தின் அடுத்த சுற்றில் அவள் விரல்கள் கொஞ்சம் மெதுவாக மடங்கினவோ என்று அவருக்குத் தோன்றியது. அப்படி இருக்காது. இருந்தால் தாளம் போயிருக்கும்.

கேட்டாகிவிட்டது. இனிமேல் இழுத்துப் பிடிக்க அவரிடம் எதுவும் இல்லை. கோர்வைக்கு வந்தார். ஒன்று, இரண்டு. மருந்துக்கடைக்காரர் இந்த முறை வில்லை உயர்த்தாமல் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அடுக்கையும் முழுசாக வைத்து, வந்து நிற்க வேண்டிய இடத்தில் வந்து நின்றார். அவள் ‘இன்னும் வரவில்லையே’ என்று எடுத்தாள். முதல் எழுத்தில் குரல் கரகரத்தது. இரண்டாவது எழுத்தில் சரியாகிவிட்டது.

கைதட்டல் அடங்குவதற்குள் காவலர் கூட்டத்தைக் கலைக்க ஆரம்பித்தார். வாண்டு அட்டைகளை மடக்கினாள், ஒலிபெருக்கியைப் பையில் திணித்தாள், விரிப்பில் உட்கார்ந்திருந்த அப்பாவை மட்டும் விட்டுவிட்டு மற்ற பக்கமெல்லாம் சுருட்டினாள். மல்லித்தழைக்காரி பாடியவளிடம் வந்து பாட்டு ரொம்ப நன்றாக இருந்தது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் நன்றி சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஏழு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

நேராகப் போய்விடுவாள் என்று நினைத்து அவர் மிருதங்கத்துக்கு உறை போடுவதில் மும்முரமாக இருந்தார். அவள் போகவில்லை. எதிரில் வந்து குனிந்தாள்.

“டாக்டரம்மாகிட்ட அந்த ஊருக்குப் போறேன்னுதான் சொல்லப் போறேன். அதுல மாத்தமில்ல.”

“சரி” என்றார். உறையின் நாடா முடிச்சு விழ மறுத்தது.

“நான் வரட்டான்னு கேட்டீங்களே.”

அவர் நிமிர்ந்தார்.

“சாவி எங்க, சட்டை எங்க, தண்ணி வந்துச்சான்னு கேப்பீங்க. இந்த மாதிரி ஒண்ணு கேட்டதே இல்ல.” கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்தாள். அதில் அழுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. “உடனே ஒரு பதிலைச் சொல்லி அதைத் தீத்துட எனக்கு மனசு வரல. கொஞ்ச நாள் வெச்சுக்கறேன்.”

எத்தனை நாள் என்று அவர் கேட்பதற்குள் அவள் திரும்பிவிட்டாள். கூட்டத்துக்குள் புகுந்து, மேலே ஏறுகிற எஸ்கலேட்டரின் முதல் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். படிகள் அவளைத் தூக்கிக்கொண்டு போயின. முதுகு, பிறகு பை, பிறகு செருப்பு.

வாண்டு ஓடி வந்து, அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள். அவர் காதில் விழவில்லை. நின்றுபோனவற்றை ஓட வைப்பதிலேயே வயதைக் கழித்த மனுஷர், ஓடிக்கொண்டிருக்கிற ஓர் எஸ்கலேட்டர் நின்றுபோகக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தார். அது ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை மிக நன்றாகப் பராமரித்து வைத்திருந்தார்கள்.